கான்கிரீட் தளத்தை வெட்டாமல் அடியில் கேபிள் கொண்டுபோவது

கேட்டுக்குக் கரண்ட் வேண்டும். வீடு ஒரு பக்கம். மோட்டாரும் விளக்கும் கேமராவும் வரவேண்டிய தூண் மறுபக்கம். நடுவில் கார் ஏறி இறங்கும் கான்கிரீட் தளம். அதன் அகலம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தளத்துக்கு இரண்டு பக்கமும் வெறும் மண்தான். அங்கே பள்ளம் தோண்டிக் கேபிள் பதிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, முதுகுதான் வலிக்கும். சிக்கல் முழுக்க அந்த நாலு மீட்டரில்தான்.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது 'வெட்டிடுங்க' என்பதுதான். வைர பிளேடு போட்ட கட்டரால் இரண்டு கோடு இழுத்து, நடுத்துண்டை உடைத்தெடுத்து, பைப்பைப் பதித்து, மறுபடி கான்கிரீட் போட்டு மூடுவது. தளம் ஏற்கெனவே பாளம் பாளமாக விரிந்து, எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட்டுங்கள். கல் பாவிய பாதை என்றால் இன்னும் சுலபம், ஒரு வரிசைக் கல்லைப் பெயர்த்துவிட்டு வேலை முடிந்ததும் திரும்ப அடுக்கிவிடலாம். ஆனால் முழுசாக இருக்கும் கான்கிரீட்டை வெட்டினால் ஒட்டுப் போட்ட இடம் பழைய நிறத்துக்கு வரவே வராது. இரண்டு ஓரத்திலும் மயிரிழை விரிசல் விழுவதும் சகஜம். போதாததற்குத் தூசி: கான்கிரீட்டை உலர வெட்டினால் கிளம்பும் சிலிக்கா நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. தண்ணீர் விட்டுக்கொண்டே, தகுந்த மாஸ்க்குடன்தான் வெட்ட வேண்டும்.

தளத்தின் இணைப்பு இடுக்கில் கேபிளைச் செருகி மேலே சீலண்ட் பூசி மறைக்கிற யோசனையும் உண்டு. 230 வோல்ட் போகிற கேபிளை அப்படி டயருக்கடியில் வைப்பது வேண்டவே வேண்டாம்.

ஆக, அடியில் போவது என்று முடிவு. அதிலும் மூன்று வழி. ஒரு பிவிசி பைப்பின் வாலில் தோட்டத்து ஹோஸை மாட்டி, நுனியில் பீய்ச்சும் தண்ணீரால் மண்ணை அரித்துக்கொண்டே பைப்பைத் தள்ளுவது ஒன்று. இரும்புப் பைப்பைச் சம்மட்டியால் அடித்து ஏற்றுவது இன்னொன்று. மூன்றாவது, காற்றழுத்தத்தில் தானே முட்டி முட்டி முன்னேறும் மோல் என்ற கருவியை வாடகைக்கு எடுப்பது. இதில் எதை எடுப்பது என்று வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. தளத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். குழி எப்படியும் வேண்டும், அதை முதலிலேயே தோண்டிவிட்டால் மண்ணே பதில் சொல்லிவிடும்.

தோண்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த வழியில் ஏற்கெனவே என்னவெல்லாம் போகிறது என்று தெரிந்தாக வேண்டும்: குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், காஸ் லைன், தொலைபேசிக் கேபிள், பழைய மின்கேபிள். பல நாடுகளில் தோண்டுவதற்கு முன் தகவல் சொன்னால் வந்து குறித்துக் கொடுக்கும் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால் போதும், கட்டணம் கிடையாது. ஆனால் அவர்கள் குறிப்பது அவரவர் நிறுவனத்து லைன்களை மட்டும்தான். மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் தானாகப் போட்டுக்கொண்ட குழாய் எந்த வரைபடத்திலும் இருக்காது. எங்கள் தோட்டக் குழாய் தளத்தைக் கடக்கும் இடத்தை, இரண்டு பக்கமும் அது மேலே வரும் இடங்களை வைத்து நூல் பிடித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி என் வழியைக் குறித்துக்கொண்டேன். சம்மட்டியால் அடிக்கும்போது முன்னால் இருப்பது கல்லா குழாயா என்று கைக்குத் தெரியாது.

குழியில் தெரிந்தது இது: மேலே 10 செ.மீ. கான்கிரீட், அதன் கீழே 15 செ.மீ. அளவுக்கு இறுகிய ஜல்லி, அதற்கும் கீழே களிமண் கலந்த மண். ஒரு பிடி எடுத்து லேசாக நனைத்து உள்ளங்கையில் உருட்டினால், பென்சில் கனத்துக்குத் திரியாக வந்தது, உடையவில்லை. அந்தத் திரியைப் பார்த்ததும் நிம்மதி. இப்படிப்பட்ட மண்ணில் துளை போட்டால் துளை நிற்கும். திரி வராமல் உதிர்ந்திருந்தால் அது மணல். பைப்பை வெளியே இழுத்த மறுநொடியே துளை சரிந்து மூடிக்கொள்ளும். அப்படியானால் அடித்து ஏற்றும் பைப்பை உள்ளேயே உறையாக விட்டுவிடத்தான் வேண்டும். கூழாங்கல் நிறைந்த மண் என்றால் கையால் அடிக்கும் ஆசையை விட்டுவிட்டு மோல் கருவிக்கோ வெட்டுவதற்கோ போய்விடலாம்.

தண்ணீர் முறையை ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் பரிந்துரைப்பது அதைத்தான். கட்டியான களிமண்ணில், நடைபாதை மாதிரி ஒரு மீட்டர் அகலத்துக்கு அது அருமையான முறை. நாலு மீட்டருக்குப் போகும்போது எவ்வளவு மண் கரைந்து வந்தது என்பதற்குக் கணக்கில்லை. பைப் கல்லில் முட்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் அதே இடத்தில் சுழன்று குடைந்துகொண்டிருக்கும். தளத்துக்கு அடியில் உண்டாகும் அந்தப் பொந்து சொத்தைப் பல் மாதிரி, மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பாரவண்டி ஏறும்போதுதான் தெரியும். நடந்துபோகிற பாதை என்றால் தண்ணீர், கார் போகிற தளம் என்றால் சம்மட்டி என்பது என் கட்சி.

அடுத்தது ஆழம். இதற்கு விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க மின்விதிகளில் வீட்டுக் கார் பாதைக்கு அடியில் போகும் சாதாரண மின்கேபிளுக்குக் குறைந்தது 18 அங்குலம், அதாவது சுமார் 45 செ.மீ. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1255 குறைந்த மின்னழுத்தக் கேபிளுக்கு 75 செ.மீ., சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டர் என்கிறது. உங்கள் ஊர் விதி எதுவோ அதைக் கேட்டுக்கொண்டு, அதற்கும் கொஞ்சம் கீழேயே போங்கள். இதில் விதி தவிர மண்ணின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அடித்து ஏற்றும் பைப் மண்ணை வெளியே எடுப்பதில்லை, ஒதுக்கித்தான் தள்ளுகிறது. ஒதுங்கிய மண் மேலே வந்தால் தளத்தைத் தூக்கும். மோல் கருவிக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு, கருவியின் விட்டத்தைப்போல் 10 முதல் 12 மடங்கு மண் மேலே இருக்க வேண்டும் என்பது. என் பைப்பின் பருமனான இடம் சுமார் 5 செ.மீ. அப்படியானால் 60 செ.மீ. போதும். 75-ல் போனேன்.

சாமான்கள் அதிகம் இல்லை. ஒன்றேகால் அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), ஒரு மீட்டர் துண்டுகளாக, இரண்டு முனையிலும் மரை போட்டது. துண்டுகளை இணைக்கக் கப்ளிங். முன் துண்டின் நுனியில் ஒரு மூடி, உள்ளே மண் ஏறாமல் இருக்க. அடி வாங்கும் முனையில் தனியாக ஒரு கப்ளிங்கும் அதற்குள் ஒரு குட்டைத் துண்டும். சம்மட்டி விழுந்து நசுங்குவது அந்தக் குட்டைத் துண்டாகத்தான் இருக்க வேண்டும். பைப்பின் மரையில் நேரடியாக அடித்தால் அடுத்த துண்டை மாட்டவே முடியாது. துண்டு துண்டாக வைப்பதற்குக் காரணம் குழியின் நீளம். நாலு மீட்டர் பைப்பை முழுசாக ஏற்ற நாலு மீட்டருக்கும் மேலே நீளமான குழி வேண்டும். ஒரு மீட்டர் துண்டு என்றால், சம்மட்டி வீசும் இடத்தையும் சேர்த்து இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சமாளிக்கலாம்.

இந்த முழு வேலையிலும் நிதானம் வேண்டிய ஒரே கட்டம் முதல் துண்டு. ஒரு டிகிரி சாய்ந்தால் நாலு மீட்டர் போய்ச் சேரும்போது 7 செ.மீ. விலகியிருக்கும். மூன்று டிகிரி என்றால் 20 செ.மீ.-க்கு மேல், பைப் எதிர்க்குழியைத் தவறவிட்டு எங்கோ போய்விடும். பாதியில் திருத்தவும் முடியாது. உள்ளே போன பைப்பைக் குழியிலிருந்து நெம்பினால் கப்ளிங் மரைதான் உடையும். அதனால் குழியின் தரையில் இரண்டு மரக்கட்டைகளைப் பதித்து, ரசமட்டம் வைத்து சமன் பார்த்து, அதன் மேல் பைப்பைக் கிடத்தினேன். பக்கவாட்டுக்கு, தளத்தின் மேலே இந்தக் குழியிலிருந்து எதிர்க்குழிக்கு நூல் கட்டி, நூலிலிருந்து இரண்டு தூக்குக்குண்டுகளைக் குழிக்குள் இறக்கினேன். பைப்பின் முன் முனையும் பின் முனையும் இரண்டு குண்டுக்கும் நேராக இருந்தால் திசை சரி. முதல் அரை மீட்டர் வரை, சில சம்மட்டி அடிக்கு ஒரு தடவை நிறுத்தி ரசமட்டத்தைப் பைப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் மண்ணே பைப்பைப் பிடித்துக்கொள்ளும், நம் கையில் எதுவும் இல்லை.

அடிப்பது பலத்தால் நடக்கும் வேலை போலத் தோன்றும். குழிக்குள் நின்றுகொண்டு பக்கவாட்டில் வீசும்போது அவ்வளவு பலம் வராது, வரவும் வேண்டாம். நாலைந்து கிலோ சம்மட்டி, குட்டையான வீச்சு, பைப்பின் அச்சுக்கு நேராக அடி. கோணலாக விழும் ஒவ்வொரு அடியும் பைப்பை முன்னால் தள்ளுவதற்குப் பதில் வளைக்கிறது. நல்ல மண்ணில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரல்கடை முன்னேறியது. அடி எப்படி விழுகிறது என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். மண்ணில் போகும்போது 'தொம்' என்று அடங்கிய சத்தம். கல்லில் முட்டினால் 'டிங்' என்று பைப் முழுக்க அதிர்ந்து, சம்மட்டி கையை உதறும். அப்படிக் கேட்டால் முரட்டுத்தனமாக அடிக்காமல், பைப் ரெஞ்சால் பைப்பைக் கால் சுற்று திருப்பிவிட்டு மெல்ல அடிக்க வேண்டும். சின்னக் கல் ஒதுங்கிவிடும். பெரிய கல் ஒதுங்காது; இழுத்துவிட்டு ஒரு முழம் தள்ளி வேறு துளைதான். கண்ணாடி, கையுறை, காதடைப்பு மூன்றும் வேண்டும். இரும்பில் இரும்பு மோதினால் சில்லு தெறிக்கும்.

எதிர்க்குழியை மட்டும் தாராளமாக எடுத்திருந்தேன், அகலத்திலும் ஆழத்திலும். பைப் குறித்த இடத்தைவிட நாலு விரல் கீழே, இடது பக்கமாக எட்டிப் பார்த்தது. குழி குறுகலாக இருந்திருந்தால் பைப் எங்கே போயிற்று என்று சுவரைச் சுரண்டித் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தப் பைப்பையே உறையாக விட்டுவிடலாம். அப்படி விட்டால் இரும்புக்கு எர்த் இணைப்பு கொடுத்தாக வேண்டும். முனையின் கூர்மையை அரம் வைத்து மழுக்கி, கேபிள் உறை கிழியாதபடி புஷ் என்ற வழவழப்பான வளையம் போட வேண்டும். தனித்தனி வயராக இழுப்பதானால் ஃபேஸும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே இரும்புப் பைப்புக்குள்தான் போக வேண்டும். ஃபேஸ் மட்டும் தனியாக ஓர் இரும்புப் பைப்பில் போனால், அதன் காந்தப்புலத்தால் பைப்பே சூடாகும். எனக்குப் பிளாஸ்டிக்தான் வசதி என்று தோன்றியது. கப்ளிங் பைப்பைவிடப் பருமன் என்பதால் துளையும் ஒரு சுற்றுப் பெரிதாகவே விழுந்திருந்தது. எதிர்க்குழியில் மூடியைக் கழற்றிவிட்டு, 40 மி.மீ. பிவிசி பைப்பின் முனையில் மரக்கட்டை ஒன்றை இறுக்கமாகச் செருகிப் பக்கவாட்டில் திருகாணி போட்டு, அந்தக் கட்டையின் மறுமுனையை ஜிஐ பைப்புக்குள் கொடுத்து அதையும் போல்ட் போட்டு இறுக்கினேன். அப்புறம் இந்தப் பக்கம் வந்து, ரெஞ்சால் திருப்பித் திருப்பி ஜிஐ பைப்பை வெளியே இழுக்க இழுக்க, பிவிசி பின்னாலேயே ஊர்ந்து வந்தது. தம்பி அந்தப் பக்கம் நின்று தள்ளினான். ஒவ்வொரு மீட்டர் வெளியே வந்ததும் ஒரு துண்டைக் கழற்றி வைத்துவிடலாம். பிவிசியின் மேல் சோப்புத் தண்ணீர் பூசியது உதவியது. துண்டு பிவிசியை ஒட்டுவதானால் சொல்யூஷன் நன்றாகக் காய்ந்த பிறகே இழுங்கள், இல்லாவிட்டால் மூட்டு உள்ளேயே கழன்று நின்றுவிடும். முடிந்தால் முழு நீளப் பைப்பே வாங்குவது உத்தமம்.

இரண்டு குழியும் திறந்திருக்கும்போதே இரண்டாவது துளையும் போட்டுவிடுங்கள் என்பேன். மெனக்கேடு முக்கால்வாசி குழிகளில்தான். துளை அதற்கு முன் ஒன்றுமில்லை. கேமராவின் டேட்டா கேபிளை மின்கேபிளோடு ஒரே பைப்பில் விடக்கூடாது. பழுது நேர்ந்தால் 230 வோல்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாக வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு வந்து சேரும். ஒரு முழம் தள்ளி, முக்கால் அங்குல ஜிஐ வைத்து அடித்து, 25 மி.மீ. பிவிசியை இழுத்தேன். கல் சத்தம் கேட்டது இந்தத் துளையில்தான்; திருப்பி அடித்ததும் வழிவிட்டது.

கேபிள் விஷயத்தில் அளவு பார்ப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. வீட்டு மின்பகிர்வுப் பெட்டியான டிபி பாக்ஸிலிருந்து தூண் வரை எனக்கு 30 மீட்டர். 10 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் கிட்டத்தட்ட 8.7 வோல்ட் வழியிலேயே குறையும். 2.5-ல் 5.4 வோல்ட், 4-ல் 3.3 வோல்ட். விளக்குக்கு 3 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 230-க்கு அது 6.9 வோல்ட். ஆக 1.5 அடிபட்டுப் போகிறது. 2.5 போதும் என்றாலும் 4-ஐ எடுத்தேன். நாளைக்குத் தூணில் இன்னும் எதையாவது மாட்டத் தோன்றும், கேபிளை மாற்றுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. மூன்று கோர் ஆர்மர்ட் கேபிள், அதாவது உள்ளே மூன்று வயரும் சுற்றிலும் உலோகக் கவசமும் உள்ளது, நேராக மண்ணில் பதிக்கத் தகுந்த வகை. பைப்புக்குள் தண்ணீர் வராது என்று நினைத்துச் சுவருக்குள் போடும் சாதாரண வயரை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு அடைத்தாலும் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். மண்ணுக்கடியில் இருக்கும் பைப் எப்போதும் ஈரம் என்று எடுத்துக்கொண்டுதான் கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாலு மீட்டர் நேர்ப் பைப்பில் கேபிளைக் கையாலேயே தள்ளிவிடலாம். கேபிள் போகும்போதே கூட ஒரு நைலான் கயிறும் போனது, பின்னால் எதையாவது இழுக்க உதவட்டும் என்று. டேட்டா பைப்பிலும் அப்படியே. பருத்திக் கயிறு வேண்டாம், மக்கிவிடும். நீளமான, வளைவுள்ள பைப் என்றால் கயிற்று நுனியில் பிளாஸ்டிக் பையைச் சுருட்டிக் கட்டி, மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் கயிறு பறந்து வந்துவிடும். வளைவு வரும் இடத்தில் எல்போ போடாதீர்கள், நீளமான பெண்டு போடுங்கள். ஆர்மர்ட் கேபிள் சட்டென்று மடங்காது. எத்தனை மடங்கு ஆரம் வேண்டும் என்று கேபிளின் விவரத் தாளிலேயே இருக்கும்.

தளத்துக்கு வெளியே உள்ள பள்ளத்தில் அடியில் மணல், அதன் மேல் கேபிள், மறுபடி மணல், அதற்கு மேல் செங்கல் வரிசை. தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் மஞ்சள் எச்சரிக்கை நாடா. இதெல்லாம் வழக்கமானது. நான் மெனக்கெட்டது தளத்தின் ஓரக் குழிகளை மூடுவதில். கார் சக்கரம் தளத்தில் ஏறும் இடமே அந்த ஓரம்தான். அதன் கீழே தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடினால், ஒரு மழைக்கு அது அமுங்கிப்போய் ஓரம் அந்தரத்தில் தொங்கும், அப்புறம் விரிசல். ஒரு சாண் மண், லேசாகத் தண்ணீர், கட்டையால் திமிசு, மறுபடி ஒரு சாண். தளத்தின் விளிம்புக்கு நேர் கீழே திமிசுக்கட்டை எட்டாத இடத்தில் ஜல்லித்தூளைக் கடப்பாரையின் மொட்டை முனையால் பக்கவாட்டில் குத்திக் குத்தி அடைத்தேன். சலிப்பூட்டும் வேலை. தளத்தை வெட்டாமல் விட்டதற்கு உண்டான பலன் இங்கே கெட்டுப்போகக் கூடாது. பைப்பின் இரண்டு வாயையும் அடைப்புப் பசையால் மூடிய பிறகுதான் மண் போட்டேன், இல்லாவிட்டால் எலிக்கும் எறும்புக்கும் வழி.

இணைப்பு கொடுக்கும் வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். பள்ளத்தை மூடுவதற்கு முன்பே வந்து பார்க்கச் சொல்லியிருந்தேன், மூடிய பிறகு அவருக்கும் ஒன்றும் தெரியாது. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே எங்கேயாவது ஜாயின்ட் இருக்கா தம்பி?"

"இல்லண்ணே, பாக்ஸிலேர்ந்து தூண் வரைக்கும் ஒரே துண்டு."

"அப்போ சரி. மெக்கர் போட்டுடலாம்."

இரண்டு முனையையும் எதிலும் இணைக்காமல் விட்டு, மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவியால் 500 வோல்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே இன்சுலேஷன் பார்த்தார். குறைந்தபட்சம் 1 மெகாஓம் இருக்க வேண்டும் என்பது விதி. புதுக் கேபிள் அதற்கு எத்தனையோ மடங்கு மேலே காட்ட வேண்டும். 1-ஐ ஒட்டி நின்றால் எங்கோ தோல் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். கேபிளை இழுத்ததும் ஒரு தடவை, பள்ளம் மூடியதும் ஒரு தடவை பார்த்தோம். செங்கல் அடுக்கும்போதோ திமிசு போடும்போதோ அடிபட்டிருந்தால் இரண்டாவது சோதனையில் தெரிந்துவிடும். ஆர்மர் என்ற அந்தக் கவசத்தை இரண்டு பக்கமும் கேபிளைப் பிடிக்கும் கிளாண்ட் போட்டு எர்த்தில் சேர்த்தார். லைனுக்குத் தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் துண்டிப்பது), கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு நேர்ந்தால் துண்டிப்பது). மண்ணுக்கடியில் போகிற, வெளியே ஈரத்தில் நிற்கிற லைனுக்கு இந்த இரண்டாவது இல்லாமல் கரண்ட் கொடுக்கவே மாட்டேன் என்றார், சரியான ஆள்.

மூடுவதற்கு முன் அளவு நாடாவைக் குழிக்குள் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். தளத்தின் மேற்பரப்பிலிருந்து பைப் வரை ஆழம், வீட்டுச் சுவரின் மூலையிலிருந்து துளை வரை தூரம், இரண்டு பைப்புக்கும் இடைவெளி, தோட்டக் குழாய் கடக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஜிஐ துண்டுகளைக் கழுவி எண்ணெய் தடவி வைத்தாயிற்று. இப்போதே ஒருவர் தன் வீட்டுத் தளத்துக்குக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதலில் குழி தோண்டி மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.